எழுத்து ஒத்துப்போனால் அசலா?

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்கள் கையெழுத்திட்ட படங்களை வாங்கி விற்கும் உலகத்தில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய கையெழுத்தை, அசல் என்று ஏற்கப்பட்ட நான்கைந்து மாதிரிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுழிப்பும் சாய்வும் இடைவெளியும் ஒத்துப்போனால் அசல், போகாவிட்டால் போலி. அனுபவசாலி ஒருவர் அப்படிப் பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஏலக்காரர்கள் இதை நம்பித்தான் விலை வைக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இதை நம்பித்தான் சேமிப்பைக் கொட்டுகிறார்கள்.

இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. அதை முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் வைப்பதுதான் தவறு. இந்தக் கையெழுத்து யாருடையதைப் போல இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படமும் இந்த மையும் இந்த மனிதரின் கையில் ஒரே நேரத்தில் இருந்திருக்க முடியுமா என்று கேட்டாக வேண்டும். அப்படி இருந்திருக்க முடியும் என்றாலும், அவர் தானே உட்கார்ந்து கையெழுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்தானா என்று அடுத்துக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் பதில் வாழ்க்கை வரலாற்றிலும் ஸ்டூடியோ நடைமுறையிலும் பேனா, காகிதத்தின் வரலாற்றிலும் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

ஜீன் ஹார்லோவை எடுத்துக்கொள்வோம். 1930களில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பெரும் நட்சத்திரம். 1937 ஜூன் 7 அன்று 26 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் ரசிகர்களுக்குப் போன படங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போட்டது அவரல்ல, அவருடைய அம்மா. இந்தத் துறையில் பழகிய எவருக்கும் இது தெரிந்த செய்திதான். ஆனால் இதன் விளைவு என்ன என்பதைப் பலர் கடைசிவரை யோசிப்பதில்லை. மகளின் இயற்பெயர் ஹார்லீன் கார்பென்டர். ஜீன் ஹார்லோ என்பது கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்கு இருந்த பெயர். அதையே மகள் திரைக்கு எடுத்துக்கொண்டார். ஆக, ரசிகர் படத்தில் அந்தப் பெயரை எழுதிய அம்மா, சிறுவயதிலிருந்து தன் பெயராக எழுதிப் பழகிய பெயரைத்தான் எழுதினார். அதில் தயக்கம் இருக்காது, நடுக்கம் இருக்காது, நின்று நின்று எழுதிய தடம் இருக்காது. சரளமாக ஓடும் எழுத்து அசல், திணறும் எழுத்து போலி என்று நிபுணர்கள் சொல்லும் அந்த முதன்மையான சோதனை இங்கே எதற்கும் உதவாது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சந்தையில் புழங்கும் ஹார்லோ கையெழுத்துகளில் பெரும்பான்மை அம்மாவுடையது என்றால், அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஹார்லோ கையெழுத்து என்றாலே அம்மாவின் எழுத்துதான் நினைவுக்கு வரும். ஒப்பீட்டுக்கு எடுக்கும் மாதிரிகளிலேயே அம்மா உட்கார்ந்திருப்பார். அப்போது அம்மாவின் எழுத்து அசலென்று தேறும். மகள் கைப்பட ஒப்பந்தத்திலும் காசோலையிலும் போட்ட கையெழுத்து, மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று தள்ளப்படும். மாதிரி எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஒப்பீடு உண்மையைத் தலைகீழாக்கிவிடும்.

இது வெறும் ஊகமல்ல. சினிமாவுக்கு வெளியே, உலகமே பார்த்துக்கொண்டிருக்க இது நடந்திருக்கிறது. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அதற்கு முன் கையெழுத்து நிபுணர்களிடம் காட்டியது. அவர்கள் ஹிட்லர் எழுத்துதான் என்றார்கள். அவர்களிடம் கொடுக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரிகளிலேயே, அந்த நாட்குறிப்புகளை உருவாக்கிய கொன்ராட் குயாவின் பிற போலிகள் கலந்திருந்தன. போலியைப் போலியோடு ஒப்பிட்டு, இரண்டையும் எழுதியது ஒரே கை என்று கண்டுபிடித்தார்கள். அது சரியான கண்டுபிடிப்புதான்; கைதான் வேறு ஆளுடையது. உண்மையை வெளியே கொண்டுவந்தது காகிதச் சோதனை. போருக்குப் பிந்தைய, 1950களுக்கு முன் காகிதத்தில் சேர்க்கப்படாத வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருந்தது. மே 6ஆம் தேதி ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் போலி என்று அறிவித்தது. புகழ்பெற்ற நிபுணர்களின் கண்ணுக்கு எட்டாதது புற ஊதா விளக்கின் கீழ் தெரிந்துபோனது.

இதே சோதனை ஹாலிவுட் புகைப்படங்களுக்கும் பொருந்தும். அந்த வெண்மையூட்டி புகைப்படத் தாளிலும் 1950களில்தான் பரவலானது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அது 1937இல் இறந்த ஹார்லோவின் கைக்குப் போயிருக்க முடியாது. விளக்கின் விலை சில நூறு ரூபாய். சான்றிதழுக்காகச் செலவழிப்பவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

பேனாவும் சாட்சி சொல்லும். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடையில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில். 1942 ஜனவரியில் விமான விபத்தில் இறந்த நடிகை கரோல் லொம்பார்டின் கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தால் எழுத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964இல். மர்லின் மன்றோ இறந்தது 1962 ஆகஸ்டில். ஷார்ப்பியின் பட்டையான, ஒரே சீரான கறுப்புக் கோட்டில் மர்லின் பெயர் எழுதிய படம் எத்தனை சான்றிதழோடு வந்தாலும் அது அவர் எழுதியதல்ல.

படத்தின் வயதையும் பார்க்க வேண்டும். ரெட் பட்லர் ஸ்கார்லெட்டைக் கைகளில் ஏந்தி நிற்க, பின்னால் தீ எரியும் 'கான் வித் தி விண்ட்' போஸ்டர் உலகம் முழுக்கத் தெரிந்தது. படம் 1939இல் வந்ததால் அந்தப் போஸ்டரும் 1939 என்றே பலர் நினைக்கிறார்கள். 1967இல் 70 எம்.எம். வடிவில் மறுவெளியீடு செய்தபோது வரைந்த ஓவியம் அது. அந்த ஆண்டு அக்டோபரில் மறுவெளியீடு. ஸ்கார்லெட்டாக நடித்த விவியன் லீ ஜூலையிலேயே இறந்துவிட்டார். ரெட் பட்லராக நடித்த கிளார்க் கேபிள் 1960இல், உடன் நடித்த லெஸ்லி ஹோவர்ட் 1943இல் போய்விட்டார்கள். அந்தப் போஸ்டரில் படத்தின் முக்கிய நடிகர்கள் நால்வர் கையெழுத்தும் இருந்தால் அதில் மூன்று நிச்சயம் போலி. ஒலிவியா டி ஹாவிலண்ட் 2020 வரை வாழ்ந்தார். அவருடையது மட்டும் உண்மையாக இருக்கலாம். அசலான ஒரு கையெழுத்தைச் சுற்றி மூன்று போலிகளைச் சேர்ப்பது இத்துறையின் மிகப் பழைய தந்திரம்.

ஜேம்ஸ் டீனும் அப்படித்தான். 1955 செப்டம்பர் 30 அன்று அவர் கார் விபத்தில் இறந்தபோது வெளியாகியிருந்த அவருடைய நாயக வேடப் படம் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' ஒன்றுதான். 'ஜயண்ட்' படத்தின் போஸ்டர் அச்சானபோது அவர் இல்லை. படப்பிடிப்பின்போது எடுத்த ஸ்டில் என்றால் கதை வேறு. அது அவர் கைக்குப் போயிருக்கக்கூடும். ஸ்டில்லுக்கும் போஸ்டருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு எழுத்து நிபுணர் தேவையில்லை, சினிமா வரலாறு தெரிந்தவர் தேவை.

இங்கே எதிர்த்தரப்பு வலுவான ஒரு பதிலை வைத்திருக்கிறது. பழைய ஸ்டில்கள் கையெழுத்தில்லாமல் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. பழைய மைப் பேனாவும் கிடைக்கிறது. கொஞ்சம் கெட்டிக்காரனான மோசடிக்காரன் 1935இன் படத்தில் மைப் பேனாவால்தான் எழுதுவான். அப்போது உங்கள் விளக்கும் தேதிக் கணக்கும் என்ன செய்யும், கடைசியில் எழுத்தைத்தானே பார்க்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. பொருளை வைத்துச் செய்யும் சோதனை போலியை விலக்கும், அசலை நிரூபிக்காது என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் எழுத்தை ஒப்பிடுவதும் அப்படித்தானே? மோசடிக்காரன் பார்த்துப் பழகுவதும் நிபுணர் ஒப்பிட எடுப்பதும் ஒரே ஏலப் பட்டியலில் அச்சான ஒரே மாதிரிகள். அவன் அதைப் பார்த்து எழுதுகிறான், இவர் அதைப் பார்த்துத் தேற்றுகிறார். ஒத்துப்போவதில் ஆச்சரியம் என்ன?

கூடவே இன்னொன்று. உயிருள்ள கை ஒருபோதும் இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை. இரண்டு கையெழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து மயிரிழை பிசகாமல் பொருந்தினால், ஒன்று மற்றதைப் பார்த்து வரையப்பட்டது, அல்லது இரண்டுமே ரப்பர் ஸ்டாம்ப். மிகையான ஒற்றுமை இங்கே சந்தேகத்துக்குக் காரணமாக வேண்டும். சந்தையிலோ அதுதான் நல்ல மாதிரி என்று விலை கூடுகிறது.

எழுத்தைப் பார்ப்பதென்றால் வடிவத்தை விட்டுவிட்டு மையைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி போதும். 1930களின் பளபளப்பான படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். மைப் பேனாவின் நிப்பு கீழ்நோக்கி அழுத்தும்போது இரண்டாகப் பிரியும். கோட்டின் இரு ஓரமும் அடர்ந்து நடுவில் மை வெளிறித் தெரியும். மேல்நோக்கிப் போகும்போது அது மெலிந்து ஒற்றைக் கோடாகும். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடத்தில், முதலில் போட்ட ஈர மையை இரண்டாவது கோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். எழுத்து முடியும் இடத்தில் மை குளமாகத் தேங்கியிருக்கும், அல்லது வேகமாகப் பேனாவைத் தூக்கியிருந்தால் ஊசிபோல் கூர்ந்து முடியும். அச்சடித்த கையெழுத்தில் இவை எதுவும் இருக்காது. படத்தை விளக்குக்கு எதிராகச் சாய்த்தால் எழுத்தும் பின்னணியும் ஒரே மாதிரி மினுங்கும். ரப்பர் ஸ்டாம்பில் எது முதல் கோடு, எது அடுத்தது என்ற வரிசையே இருக்காது.

பிறகு விரிசல். பழைய ஜெலட்டின் காலப்போக்கில் காய்ந்து மூலைகளில் நுண்ணிய விரிசல் விடும். ஒரு கையெழுத்துக் கோடு விரிசலைக் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். விரிசல் கோட்டையும் சேர்த்து உடைத்திருந்தால் எழுத்து முந்தியது. மை விரிசலுக்குள் இறங்கி இருபக்கமும் மெல்லப் பரவியிருந்தால், படம் பழையதாகி வெடித்த பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரம் இளமையில் போட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்துக்கு இந்த ஒரு இடம் போதும். மாதிரிகளோடு அது எவ்வளவு ஒத்துப்போனாலும் இந்தச் சாட்சியை வெல்ல முடியாது.

இதையெல்லாம் தாண்டியும் தேறிவிடும் போலிகள் உண்டு. அப்போது எஞ்சுவது, இது எப்படி வந்தது என்ற கேள்விதான். விற்பவர்கள் இங்கே கதை சொல்வார்கள்: பாட்டி ஸ்டூடியோவில் வேலை பார்த்தாராம், நடிகையே கையில் கொடுத்தாராம். கதை சான்றாகாது. சரிபார்க்கக்கூடிய தாள், தேதி, முத்திரை, பெயர் ஆகியவைதான் சான்று. அந்தத் தாளையும் யோசித்துப் படிக்க வேண்டும். எம்.ஜி.எம். ஸ்டூடியோ இருந்த கல்வர் சிட்டியின் அஞ்சல் முத்திரையோடு அசல் உறையும் கூடவே இருக்கிறது என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். அந்த உறை உண்மையாகவே இருக்கட்டும். அது எதைக் காட்டுகிறது? ரசிகர் கடிதப் பிரிவிலிருந்து படம் வந்தது என்பதைத்தான். அந்தப் பிரிவே நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள் உட்கார்ந்திருந்த இடம். உறை, கையெழுத்து அசல் என்ற வாதத்துக்கு எதிரான சாட்சி.

இதில் நட்சத்திரங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கிளாரா போவுக்கு 1929 ஜனவரியில் மட்டும் 45,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரு கையெழுத்துக்குப் பத்து விநாடி என்று வைத்தால்கூட மாதத்துக்கு 125 மணி நேரம். ஞாயிறு விடாமல் தினமும் நான்கு மணி நேரம். பகலெல்லாம் படப்பிடிப்பில் நிற்கும் ஒருவரால் அது ஆகாது. அவர் பெயரில் தபாலில் போன படங்கள் பெரும்பாலும் பிறர் கையெழுத்து என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதே நேர்மை. கிரேட்டா கார்போ கையெழுத்துக் கேட்பவர்களைத் தவிர்த்தே வாழ்ந்தவர் என்பது உலகறிந்தது; அவர் கையெழுத்திட்ட பளபளப்பான படம் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் வர வேண்டியது சந்தேகம்.

ஆனால் எல்லாவற்றையும் சந்தேகி என்பதும் சோம்பேறித்தனம்தான். நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரல் கடைசிக் காலத்தில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஒரு சிறு குடியிருப்பில் வாழ்ந்தார். அவருடைய தொலைபேசி எண் பொது டைரக்டரியில் இருந்தது. யாரும் கூப்பிடலாம், யாரும் எழுதலாம். வந்த கடிதங்களுக்கு அவரே பதில் எழுதினார். அவருடைய அசல் கையெழுத்துகள் ஏராளமாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1955இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இளமையில் போட்ட கையெழுத்தை மாதிரியாக வைத்து 1960இன் கடிதத்தை அளப்பவர் அந்த அசலைப் போலி என்று தள்ளிவிடக்கூடும். அவருடைய திரை ஜோடியான ஆலிவர் ஹார்டியும் ஸ்டானும் 1947இலும் 1950களிலும் பிரிட்டனில் மேடைச் சுற்றுப்பயணம் போனார்கள். அந்த ஊர்களின் நாடக அரங்க நிகழ்ச்சித் தாளில் இருவர் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் பொருத்தம் உண்டு. 1957 தேதியோடு இருவரும் சேர்ந்து போட்டதாக வந்தால் யோசிக்க வேண்டும். ஹார்டி 1956 செப்டம்பரில் கடும் பக்கவாதத்தில் விழுந்து 1957 ஆகஸ்டில் இறந்தார். ஸ்டானும் கார்போவும் ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருந்தவர்கள். ஆனால் ஒருவர் கையெழுத்தைப் பற்றிய முதல் எண்ணம் மற்றவருக்குப் பொருந்தாது. அதைச் சொல்வது அவர்கள் வாழ்ந்த விதம்.

சான்றிதழுக்கு வருகிறேன். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1990களின் இறுதியில் 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில் விளையாட்டு வீரர்கள், திரைப் பிரபலங்கள் கையெழுத்துகளை மொத்தமாகத் தயாரித்த கும்பல் பிடிபட்டது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துவரை விற்றிருக்கிறார்கள். அந்தப் போலிகளோடு சான்றிதழும் சேர்ந்தே போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மோசடிக்காரன் சான்றிதழைக் கண்டு அஞ்சவில்லை. அது அவனுக்கு விற்பனைக் கருவியாக உதவியது. நேர்மையான நிபுணர் தரும் தாளுமே ஒரு கருத்துதான், அதற்கு மேல் இல்லை. நுண்ணிய எழுத்தில் அவர்களே அப்படித்தான் அச்சிடுகிறார்கள். அந்தக் கருத்தை எதைக் கண்டு எட்டினார்கள், எந்த மாதிரிகளோடு வைத்துப் பார்த்தார்கள், அந்த மாதிரிகள் எங்கிருந்து வந்தவை, புற ஊதா விளக்கில் பார்த்தார்களா என்பது எதுவும் அந்தத் தாளில் இருப்பதில்லை. காரணம் சொல்லாத தீர்ப்பை நீதிமன்றத்தில் ஏற்க மாட்டோம். இங்கே மட்டும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஏற்றுக்கொள்கிறோம்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஏலப் பட்டியலில் படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் அச்சிடட்டும். ஸ்டூடியோவின் முத்திரை, பழைய பசைத் தடம், பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நட்சத்திரத்துக்குப் பதிலாகச் செயலாளர் போட்ட கையெழுத்து என்று தெரிந்தால் அப்படியே எழுதட்டும். ஹார்லோவின் அம்மா போட்டது என்று சொல்லியே விற்கும் நேர்மையானவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். முடிவுக்கு வர முடியாத இடத்தில், தீர்மானிக்க முடியவில்லை என்ற சொல் சான்றிதழில் வரட்டும். அசல், போலி என்ற இரண்டே பெட்டிகள் இருக்கும்வரை நடுவில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் விலை கூடிய பெட்டிக்குத்தான் தள்ளப்படும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைப்பது ஆட்டோகிராஃப் புத்தகங்களுக்கு நேரும் கதி. 1930களில் அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் வண்ணத் தாள் புத்தகங்களோடு ஸ்டூடியோ வாசல்களில் நின்றார்கள். அப்படி ஒரு புத்தகம் முழுதாகக் கிடைத்தால் அதில் நட்சத்திரத்தின் பக்கத்துக்கு முன்னும் பின்னும், யாரும் போலி செய்யக் கவலைப்படாத துணை நடிகர்களின் கையெழுத்துகள் இருக்கும். ஒரே மையும் ஒரே பென்சிலும் பக்கம் பக்கமாகத் தொடரும். எங்கோ ஒரு தேதி, புத்தகத்தின் சொந்தக்காரச் சிறுமியின் பெயர். ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்துக்குச் சாட்சி சொல்லும். வியாபாரிகள் அதை வாங்கி நட்சத்திரத்தின் தாளை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். ஒரு பளபளப்பான படத்தோடு சேர்த்து அட்டையில் ஒட்டி ஃபிரேம் போட்டுப் பின்பக்கத்தை மறைத்து விற்கிறார்கள். மிச்சப் பக்கங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

படங்களிலும் இதே கதைதான். பெயர் மட்டும் எழுதிய படத்துக்கு விலை அதிகம். இன்னாருக்கு அன்புடன் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் விலை குறைவு, அந்தப் பெயர் தங்களுடையது அல்லவே என்று வாங்குபவர்கள் தயங்குகிறார்கள். அந்த வரியை ரசாயனம் போட்டு அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். மோசடிக்காரர்கள் பெயரை மட்டும் எழுதுவதையே விரும்புவார்கள், ஏனென்றால் பயிற்சி செய்ய வேண்டியது இரண்டே சொற்கள். யாரோ ஒரு ரசிகையின் பெயரும் ஒரு வாழ்த்தும் சேர்ந்த படத்தில் அந்தக் கை இன்னும் ஏழெட்டுச் சொற்களை எழுதியிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அத்தனை கூடுதல் எழுத்துகள் கிடைக்கின்றன. அந்த ரசிகை எந்த ஊர், எந்த ஆண்டு என்று தேடவும் வழி இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தைத்தான் இன்றைய சந்தை பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறது.